நான்கு வருடம் ஒரு நாள் எங்கே போனது?

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். மரச் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். ஒரே மரத்துண்டைச் செதுக்கிப் பிள்ளையார், நடராஜர், குதிரை, யானை என்று விதவிதமாகச் செய்வார்கள். 2020-ம் ஆண்டு அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே ஒரு பட்டறைக்கு ஓர் ஆர்டர் வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் குட்டீஸ். இரண்டடி உயரப் பிள்ளையார் சிலை. 2026 ஜனவரி 15, பொங்கல் அன்று வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் ஒரு பழைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில், எக்ஸெலில் பட்டியல் போட்டு அனுப்புகிறார். பட்டறையில் கணக்குப் பார்க்கும் அண்ணன், அந்தத் தேதிகளை மட்டும் நகலெடுத்துத் தம் விண்டோஸ் கம்ப்யூட்டர் பட்டியலில் ஒட்டுகிறார்.

அங்கே பொங்கல் ஆர்டரின் தேதி எப்படித் தெரிகிறது தெரியுமா? 14-01-2022!

"நாலு வருஷம் முந்தைய ஆர்டரா? இது முடிந்துபோனதாக இருக்கும்" என்று அண்ணன் அடுத்த வரிக்குப் போய்விடுவார். பிள்ளையார் மரத்துண்டாகவே கிடப்பார். இதில் இன்னொரு வேடிக்கை, 2022-ல் பொங்கல் வந்தது ஜனவரி 14-ல்தான்! "பொங்கல் ஆர்டரா?" என்று யாராவது சந்தேகப்பட்டு நாள்காட்டியைப் பார்த்தாலும், தப்புக் கண்ணில் படாது.

அண்ணன் எதையும் மாற்றவில்லை. வைரஸும் இல்லை. பிறகு நான்கு வருடமும் ஒரு நாளும் எங்கே போயின?

எண்கள்தான்!

உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டருக்குத் தேதியே தெரியாது. ஜனவரி, பொங்கல், வியாழக்கிழமை எல்லாம் நமக்காக அது திரையில் காட்டும் வேஷம். உள்ளே இருப்பது வெறும் எண். ஏதோ ஒரு நாளில் இருந்து இன்றுவரை எத்தனை நாள் ஆயிற்று, அல்லது எத்தனை வினாடி ஆயிற்று என்ற கணக்கு, அவ்வளவுதான்.

பஸ்ஸில் போகும்போது சாலையோரம் மைல் கல் பார்த்திருப்பீர்கள். "30" என்று மட்டும் ஒரு கல்லில் எழுதியிருந்தால் என்ன புரியும்? பெரம்பலூரில் இருந்து 30 கிலோமீட்டரா, ஆத்தூரில் இருந்து 30 கிலோமீட்டரா? எங்கிருந்து அளந்தார்கள் என்று தெரியாவிட்டால் அந்த 30 பயன்படாது. தேதியும் அப்படியே.

விண்டோஸ் எக்ஸெலில் 1900 ஜனவரி 1-ம் தேதிதான் 1-ம் நாள். அந்தக் கணக்கில் 2026 பொங்கலின் எண் 46,037. பழைய மேக் எக்ஸெலில் 1904 ஜனவரி 1-ம் தேதி பூஜ்யம். அதே பொங்கலுக்கு அங்கே எண் 44,575. நகலெடுத்து ஒட்டும்போது 44,575 என்ற எண் மட்டும் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்து அளந்தது என்பது கூடவே போகவில்லை. 1900-ல் இருந்து எண்ணிப் பார்த்தால் 44,575-வது நாள், 2022 ஜனவரி 14.

இரண்டுக்கும் வித்தியாசம் 1,462. இதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா? 1900, 1901, 1902, 1903 ஆகிய நான்கு ஆண்டுகளுக்கு 365 வீதம் 1,460 நாள். ஒரு கம்ப்யூட்டர் 1-ல் தொடங்குகிறது, மற்றது பூஜ்யத்தில் தொடங்குகிறது; அதனால் இன்னொரு 1. ஆக 1,461. மிச்சம் ஒரு நாள்? அது உலகத்தில் வராத நாள்!

ஆமாம், 1900 பிப்ரவரி 29. நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று படித்திருப்பீர்கள். ஆனால் நூற்றாண்டு வருடமாக இருந்தால் 400-ஆல் வகுபட வேண்டும். 2000 லீப் வருடம், 1900 இல்லை. 1983-ல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' என்ற கணக்குப் பதிவு மென்பொருள், 1900-ஐ லீப் வருடமாகவே வைத்துக்கொண்டது. பிறகு வந்த எக்ஸெல், லோட்டஸில் போட்ட கணக்குகள் தன்னிடமும் மாறாமல் வரவேண்டும் என்பதற்காக, அந்தத் தப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. தெரிந்தே செய்த தப்பு! பள்ளிக் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால், ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று கூசாமல் காட்டும். மேக் 1904-ல் தொடங்கியதால், 1900 தந்த இந்தத் தலைவலி அதற்கு இல்லை.

எக்ஸெலோடு முடிந்ததா என்றால், இல்லை. யூனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயக்க முறை 1970 ஜனவரி 1-ல் இருந்து வினாடி வினாடியாக எண்ணுகிறது. ஆண்ட்ராய்டு போனும் அந்த நாளில் இருந்துதான் எண்ணும். அதற்கு வினாடியும் போதாது, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும். விண்டோஸ் ஒரு கோப்பு எப்போது உருவானது என்று குறித்துவைப்பது 1601 ஜனவரி 1-ல் இருந்து. அதுவும் ஒரு வினாடியைக் கோடி கூறாக்கி, அந்தக் கூறுகளால் எண்ணும்! இன்றைய ஆப்பிள் மென்பொருள்கள் பலவற்றுக்கு 2001 ஜனவரி 1.

ஆளுக்கொரு தொடக்கம், ஆளுக்கொரு அளவுகோல். இதைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் மாற்றுவது மூன்றாம் வகுப்புக் கணக்குதான். எக்ஸெல் எண்ணில் இருந்து யூனிக்ஸ் எண்ணுக்குப் போக வேண்டுமா? 1970 ஜனவரி 1-க்கு எக்ஸெலில் எண் 25,569. பொங்கலின் 46,037-ல் இருந்து அதைக் கழியுங்கள். 20,468 நாள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 176 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 200. பொங்கல் தினத்தின் யூனிக்ஸ் எண் தயார்!

கொஞ்சம் பொறுங்கள், அந்த வினாடியில் அரும்பாவூரில் மணி என்ன? காலை 5.30!

யூனிக்ஸ் எண்ணுவது உலகப் பொது நேரத்தை. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. (1906 வரை சென்னைக்கென்றே தனி நேரம் இருந்தது. அது இன்றைய இந்திய நேரத்துக்கு 9 நிமிடம் பின்னால் ஓடியது. நல்லவேளை, அப்போது கம்ப்யூட்டர் இல்லை.) இந்த ஐந்தரை மணி நேரம் உங்கள் பிறந்தநாளையே மாற்றிவிடும். எப்படி என்று பாருங்கள்.

ஒரு மாணவி 2012 ஜனவரி 1-ம் தேதி பிறந்தவள். விளையாட்டுப் போட்டிக்கான விண்ணப்பத்தில் அதை நிரப்புகிறாள். நேரம் கேட்கவில்லை, அதனால் மென்பொருள் தானாக நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்கிறது. இந்தியாவில் ஜனவரி 1 நள்ளிரவு 12 என்றால், உலகப் பொது நேரத்தில் டிசம்பர் 31 மாலை 6.30. வேறொரு கம்ப்யூட்டர் அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால், அவள் 2011 டிசம்பர் 31-ல் பிறந்தவள் ஆகிவிடுவாள். "2012 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்" என்பது போட்டியின் விதி என்றால், வருடம் முழுக்க ஓடிப் பழகியவள் மைதானத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. பிறந்த தேதியைத் தேதியாகவே வைக்க வேண்டும். அதை மணி, நிமிடமாக மாற்றவே கூடாது.

05-06-2014 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்காவில் மே 6 என்பது வேறு தொல்லை! அதனால்தான் 1988-ல் ஓர் உலகத் தர விதி வந்தது. முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள்: 2014-06-05.

எண்ணிக்கொண்டே போனால் ஒருநாள் இடம் தீர்ந்துவிடாதா என்று கேட்கிறீர்களா? தீரும். பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் வினாடியை எழுத ஒதுக்கிய இடத்தில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எழுத முடியும். அந்த வினாடி வருவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடி, எண் மைனஸ் பக்கம் தாவி, தேதி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்! புதிய கம்ப்யூட்டர்களில் இடத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆனால் இயந்திரங்களுக்குள் புதைந்து கிடக்கும் பழைய சில்லுகளை யார் போய் மாற்றுவது? இந்த வேலை உங்களில் சிலருக்குக் காத்திருக்கிறது. ஜி.பி.எஸ். கருவிகளுக்கு இதுபோன்ற சோதனை ஏற்கெனவே வந்துபோனது. பழைய ஜி.பி.எஸ். கணக்கு 1,024 வாரம் எண்ணியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999-ல் ஒரு முறையும் 2019-ல் ஒரு முறையும் அப்படித் திரும்பியது.

சரி, ஒரு நாளில் தொடங்கி நாட்களை எண்ணும் யோசனை கம்ப்யூட்டரோடு வந்ததா? மரச் சிற்பத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் கல் பக்கம் போவோம்.

அரும்பாவூருக்குப் பக்கத்து மாவட்டம் அரியலூர். ராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் அங்கேதான் இருக்கிறது. அந்த ராஜேந்திரனின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தை, முதலாம் பராந்தக சோழன். அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் "இந்த அரசருக்கு இத்தனையாவது ஆண்டு" என்றுதான் இருக்கும். ஒவ்வொரு அரசர் பட்டத்துக்கு வந்ததும் எண்ணிக்கை மறுபடி ஒன்றில் தொடங்கும். அதாவது, ஒவ்வொரு அரசரும் ஒரு தனிக் கம்ப்யூட்டர்! அவர் எப்போது பட்டத்துக்கு வந்தார் என்று தெரியாவிட்டால், அந்த ஆண்டை நம் ஆண்டாக மாற்றவே முடியாது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் கிராமம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயில் கல்வெட்டு ஒன்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய பரிசு. அதில் பராந்தகனின் 36-வது ஆண்டு என்பதோடு, கலியுகம் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதும் வெட்டியிருக்கிறது. 14,77,037-வது நாள்! பஞ்சாங்கக் கணக்குப்படி கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 பிப்ரவரி 18. அங்கிருந்து எண்ணினால் கி.பி. 943 ஜனவரி 14 வருகிறது (அக்கால ஜூலியன் நாள்காட்டிப்படி). அது 36-வது ஆண்டு என்றால், பராந்தகன் பட்டத்துக்கு வந்தது கி.பி. 907. ஒரே கல்லில் இரண்டு கணக்கும் இருந்ததால், ஓர் அரசரின் எல்லா ஆண்டுகளுக்கும் சாவி கிடைத்துவிட்டது.

இந்தக் கலி நாள் கணக்குக் கல்லோடு நின்றுவிடவில்லை. 1825-ல் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர், பாண்டிச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை! அந்த வகைக் கணக்குக்கு முதல் படி, கலியுகம் பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கண்டுபிடிப்பதுதான். கிரகணத்தின் தொடக்கம் அவர் சொன்ன நேரத்துக்குச் சில நிமிடங்கள் பக்கத்தில் வந்தது. முடிவு நேரம் கொஞ்சம் அதிகமாகவே விலகியது. வாரன் இதை 'காலசங்கலித' என்ற தம் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

இப்போது உங்கள் முறை. எக்ஸெலில் உங்கள் பிறந்த தேதியை அடியுங்கள். அதைச் சாதாரண எண்ணாக மாற்றுங்கள். அதோடு 18,26,554 கூட்டுங்கள். அதுதான் நீங்கள் பிறந்த கலி நாள். அதை 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் பாருங்கள். கலியுகத்தின் முதல் நாள் வெள்ளி என்பதால், மீதி 1 என்றால் வெள்ளி, 2 சனி, 3 ஞாயிறு, 4 திங்கள், 5 செவ்வாய், 6 புதன், மீதியே இல்லாவிட்டால் வியாழன். பராந்தகன் கல்வெட்டின் எண்ணை வகுத்தால் மீதி 2, சனிக்கிழமை. நம் பிள்ளையார் வரவேண்டிய 2026 பொங்கலுக்குக் கலி நாள் 18,72,591. வகுத்துப் பார்த்துவிட்டு, வீட்டு நாள்காட்டியோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.