அந்த ஐநூறு எங்கே போனது?

இந்த எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. சட்டைப் பையில ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தா வெளியே எடுங்க. பின்பக்கத்தில் நான்கு இலக்கத்தில் ஒரு ஆண்டு தெரியும். அது அந்த நோட்டு அச்சான ஆண்டு. 2005இல் இருந்து போடுகிறார்கள். அந்த ஆண்டுக்கும் இன்றைக்கும் நடுவில் இந்தத் தாள் எங்கெல்லாம் போயிருக்கும்? யார் யார் எண்ணியிருப்பார்கள்? இந்தக் கேள்வியையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைசியில், அந்தப் பொழுதுபோக்கால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன்.

இது எப்படி நடக்கிறது?

1998 டிசம்பரில் அமெரிக்காவில் ஹாங்க் எஸ்கின் என்பவர் 'வேர்ஸ் ஜார்ஜ்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். ஒரு டாலர் நோட்டில் ஜார்ஜ் வாஷிங்டன் படம் இருக்கிறதே, அந்த ஜார்ஜ்தான் இது. கையில் இருக்கும் நோட்டின் எண்ணையும் உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டையும் அதில் பதிய வேண்டும். பிறகு நோட்டைச் செலவு செய்துவிடலாம். வேறு ஊரில் வேறு ஒருவர் அதே எண்ணைப் பதிந்தால் உங்களுக்குத் தகவல் வரும். அதற்கு 'ஹிட்' என்று பெயர். 2002இல் யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தபோது ஐரோப்பாவிலும் 'யூரோபில்டிராக்கர்' என்று ஒன்று தொடங்கியது.

இது விளையாட்டோடு நிற்கவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட வேண்டுமானால் மனிதர்கள் எவ்வளவு தூரம், எவ்வளவு அடிக்கடி போகிறார்கள் என்று தெரிய வேண்டும். எல்லோர் பின்னாலும் ஆள் அனுப்ப முடியாது. நோட்டு மனிதனோடுதானே போகிறது? டிர்க் பிராக்மன் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் அந்த இணையதளத்தில் பதிவான நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோட்டுகளின் பயணத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். 2006இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது.

அவர்கள் கண்டதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பெரும்பாலான நோட்டுகள் பக்கத்திலேயே சுற்றும். கொஞ்சம் நோட்டுகள் மட்டும் திடீரென்று நாட்டின் மறுகோடிக்குத் தாவும். இரண்டாவது, சில நோட்டுகள் ஒரே இடத்தில் ரொம்ப நாள் அப்படியே தங்கிவிடும். இந்தத் தங்கலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி வருவோம்.

நம்ம நோட்டில் என்ன பார்க்க வேண்டும்?

நம்ம ஊர் நோட்டைப் பின்தொடர எண் மட்டும் போதாது. நோட்டில் மூன்று எழுத்துருக்கள் கொண்ட ஒரு முன்னொட்டும் ஆறு இலக்க எண்ணும் இருக்கும். அதே எண் இன்னொரு நோட்டிலும் வரலாம், அது கள்ளநோட்டு இல்லை. எண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். அதுவோ, அச்சான ஆண்டோ, ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தோ வேறாக இருக்கும். அதனால் இத்தனையையும் குறித்தால்தான் அது இந்த நோட்டுதான் என்று அடித்துச் சொல்ல முடியும். முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரக் குறி இருந்தாலும் பயப்படாதீங்க. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்கு மாற்றாக வைத்த நல்ல நோட்டு அது.

நோட்டு பிறப்பது நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு அச்சகங்களில். அங்கிருந்து ரிசர்வ் வங்கி அலுவலகம், பிறகு வங்கிகளின் பணப் பெட்டகம், ஏடிஎம், நம்ம கை. கிழிந்து நைந்ததும் வங்கி வழியாகத் திரும்பப் போகும். ரிசர்வ் வங்கியில் இயந்திரம் அதைச் சரிபார்த்து, துண்டு துண்டாக்கி, கட்டியாக அழுத்திவிடும். நடுவில் நாம் செலவு செய்யும் பகுதி மட்டும்தான் யாருடைய கணக்கேட்டிலும் இல்லாத பயணம்.

ஒரு விஷயம்: நோட்டில் எழுதாதீங்க. எழுதிய நோட்டு செல்லாது என்பது வதந்திதான். ஆனால் எழுதினால் அதன் ஆயுள் குறையும். எழுத வேண்டாம் என்றுதான் ரிசர்வ் வங்கியும் கேட்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

என் நோட்டுப் புத்தகம்

எங்க அப்பாவுக்குக் கச்சிராயபாளையத்தில் கடை. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மலைச்சரக்கு: புளி, கடுக்காய், சாமை, தேன். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதை எங்க ஊரிலிருந்துதான். கல்வராயன் மலையிலிருந்து சரக்கு இறங்கும், காசு ஏறும். நோட்டைப் பின்தொடர இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன்.

இணையதளமெல்லாம் இல்லை. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து 00 முதல் 99 வரை பக்கம் பிரித்தேன். 47 என்று முடிந்தால் 47ஆம் பக்கம். கல்லாவில் வரும் நோட்டை அந்தப் பக்கத்தில் மட்டும் தேடினால் போதும். 2011இல் ஆரம்பித்து ஆறு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் நோட்டு எழுதினேன். தனித்தனியாகத் திரும்பிவந்தது பதினேழு. பெரும்பாலும் பத்து ரூபாய்; பஸ் கண்டக்டர், டீக்கடை, எங்க கடை என்று ஒரு மாதத்துக்குள் சுற்றி வந்தவை. கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போயிருக்குமா என்றே தெரியாது.

தண்டவாளத்தில் போன பணம்

பெரிய பணத்தின் பயணம் எப்படி இருக்கும் என்று 2016 ஆகஸ்டில் எங்க பக்கத்திலேயே பார்த்தோம். சேலத்தில் சேர்ந்த பழைய நோட்டுகள், 342 கோடி ரூபாய், மரப்பெட்டிகளில் அடைத்து ரயிலில் சென்னைக்குப் போயின. எழும்பூரில் திறந்து பார்த்தால் பெட்டியின் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. 5.78 கோடி காணோம். சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், ஓடும் ரயிலின் மேல் ஏறி அறுத்திருக்கிறார்கள். மின்கம்பி இல்லாத பாதை என்பதால் கூரையில் உட்கார முடிந்தது.

வங்கியில் புதுக் கட்டு எடுத்தால் எண் வரிசையாக இருக்கும். நைந்த நோட்டுக் கட்டில் எண்கள் கலந்து கிடக்கும். அதனால் சிபிசிஐடி போலீஸ் நோட்டைத் தேடவில்லை, ஆளைத் தேடினார்கள். செல்போன் அழைப்புகளைச் சலித்து, 2018இல் மத்தியப் பிரதேசக் கும்பலைப் பிடித்தார்கள். அதற்கு முன்னாடியே திருடியவர்களுக்கு ஒரு அடி விழுந்திருந்தது. கொள்ளை நடந்து சரியாக மூன்று மாதத்தில், நவம்பர் 8 இரவு, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். திருடிய பணத்தில் ஒரு பகுதியை மாற்றவே முடியவில்லை என்று செய்திகள் வந்தன.

ஆயாவின் ஆறு நோட்டு

இப்போ என் தப்பு. 2014 மார்ச், புளி சீசன். மலையிலிருந்து வழக்கமாக வரும் ஒரு ஆயா நாலாயிரம் ரூபாய்க்குப் புளி போட்டாங்க. "நூறா குடு தம்பி, மேல சில்லறை கிடைக்காது" என்றாங்க. கல்லாவில் நூறு இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அப்பா பேங்கிலிருந்து புது ஐநூறு கட்டு எடுத்து வந்திருந்தார். வரிசை எண்ணில் எட்டு நோட்டு ஒரே நாளில் மலையேறினால் எத்தனை கீழே திரும்பும் என்று பார்க்க எனக்கு ஆசை. "நூறு இல்ல ஆயா" என்று பொய் சொல்லி எட்டு ஐநூறைக் கொடுத்தேன். எண்ணை எழுதிக்கொண்டேன்.

மாதக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை. ரொம்ப தூரம் போய்விட்டது போல என்று சந்தோஷப்பட்டேன்.

2017 பொங்கல் கழிந்து ஆயா கடைக்கு வந்தாங்க. சாமைப் பானையிலிருந்து எடுத்த துணி முடிச்சில் ஆறு ஐநூறு. மடிப்புகூடச் சரியாக விழவில்லை. டிசம்பர் 30க்குள் பேங்கில் கட்டியிருக்க வேண்டும். "பேங்க்ல வாங்க மாட்டேங்கறாங்க தம்பி. நீ குடுத்ததுதான, நீயே மாத்திக் குடு."

புத்தகத்தைப் புரட்டினேன். ஆறும் என் கையெழுத்தில் இருந்தன. அத்தனை வருஷத்தில் ஒரே இடத்திலிருந்து ஆறு ஹிட் கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான். நோட்டு எங்கேயும் போகவில்லை. மேலே ஐநூறை மாற்ற ஆளில்லாமல் இரண்டை மட்டும் எப்படியோ செலவு பண்ணிவிட்டு மற்றதை மூடி வைத்திருக்காங்க. நூறாகக் கொடுத்திருந்தால் அந்த வருஷமே செலவாகியிருக்கும். நூறு ரூபாய் செல்லாமலும் போகவில்லை.

என் சேமிப்பிலிருந்து மூவாயிரத்தை நூறாக எண்ணிக் கொடுத்தேன். "ஊர்ல எல்லாரும் வரிசைல நிப்பாங்கடா" என்றார் அப்பா. அடுத்த வாரம் அதே மலையிலிருந்து இரண்டு பேர் வந்தாங்க. அவங்க நோட்டு என் புத்தகத்தில் இல்லை. அவங்களுக்குக் கொடுக்க என்னிடம் பணமும் இல்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனாங்க.

செல்லாததாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018இல் சொன்னது. திரும்பாத பத்தாயிரத்துச் சொச்சம் கோடியைக் கறுப்புப் பணம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் துணி முடிச்சு ஞாபகம் வரும். அந்த ஆறு நோட்டும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2017 சட்டம் சொல்கிறது.

நான் இப்பவும் எண் எழுதுகிறேன். யார் என்ன நோட்டு கேட்கிறாங்களோ அதைக் கொடுத்த பிறகுதான் எழுதுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால் பத்து ரூபாயில் ஆரம்பிங்க. அதுதான் சீக்கிரம் கை மாறும். ஹிட் கிடைத்தால் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்று குறித்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.