சக்கரமும் சௌகரியமும்

மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் தயாராகி 2013 முதல் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் வாகனத்தில் 16 அங்குலச் சக்கரத்துக்கு 205/60 அளவுள்ள டயரும், பிற்காலத்து உயர்ரகங்களில் 17 அங்குலச் சக்கரத்துக்கு 205/50 அளவுள்ளதும் பொருத்தப்பட்டதை நினைவுகூர்ந்தால், சக்கரம் மாற்ற விரும்புவோர் அறியவேண்டிய சூட்சுமம் அவ்வெண்களிலேயே அடங்கியிருப்பது புலனாகும். சாய்கோட்டுக்குப் பின்வருவது, டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பதாகும். ஆகவே 123 மில்லிமீட்டராக இருந்த சுவர் ஏறக்குறைய 102 ஆகக் குறுகிவிடுகிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் கிரகிப்பது அச்சுவருக்குள் அடைபட்ட காற்றே. அது குறைந்தால் செங்கல்பட்டுக் கிளைச்சாலைகளின் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் தெரியும். பெரிய சக்கரத்தின் அழகை நான் நிந்திக்கவில்லை. ஆயினும் சௌகரியமே பிரதானமெனில், அளவை உயர்த்தாமல் கனம் குறைந்த அலாய் சக்கரத்தையும், பாரம் தாங்கும் குறியீடு குறையாத டயரையும் தேர்ந்து, காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுமுன் அளப்பதே உசிதம்.