பங்குனியில் ஓயாத வேலை!

பங்குனி பிறந்தால் பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு ஓய்வு ஏது? புளியை உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டும். விடியற்காலையில் கூழ் கிண்டி, வடகம் போட வேண்டும். மிளகாயையும் காய வைக்க வேண்டும். ஓர் ஆண்டுச் சமையலுக்கு இதுதான் கையிருப்பு.

இத்தனைக்கும் தண்ணீர்?

முன்பெல்லாம் வறண்ட பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். கலங்கல் நீரை இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், தெளிந்த நீர் சுரக்கும். அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார்கள்.

பிறகு வந்தது கேடு. மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றில் கலந்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வட ஆற்காடு உள்பட 5 மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது.

புளி இருக்கிறது. மிளகாய் இருக்கிறது. நல்ல தண்ணீர் இல்லாமல் குழம்பு கொதிக்குமா?