புதுத் தொட்டியில் மீன் சாவது ஏன்?

கொளத்தூரில் மீன் எடுத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சில்லறை வியாபாரம் செய்யும் நமது அன்பர்களுக்கு ஒரு புகார் வந்துகொண்டே இருக்கிறது. "தொட்டி வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அத்தனை மீனும் செத்துவிட்டது. நோய் மீனைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு நிற்பார். பெரும்பாலும் மீன் மேல் குற்றமில்லை. தண்ணீரில் சேர்ந்த அம்மோனியாதான் காரணம்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் மிஞ்சும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. புதுக் கண்ணாடித் தொட்டியில் இந்தப் பாக்டீரியா ஏது? ஸ்பாஞ்சிலும் கல்லிலும் படிந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வாங்கிய அன்றே அதில் பத்து கோல்டு ஃபிஷ் விட்டால் தாங்குமா? நிறையத் தின்று நிறையக் கழிவு விடும் மீன் அது.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல தெருக்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். தண்ணீரின் பி.எச். 7-ல் இருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சித்திரை வெயிலின் சூடு அதை இன்னும் கூட்டும்.

தண்ணீர் கலங்கியதும் வாடிக்கையாளர் செய்யும் காரியம்தான் மோசம். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுகிறார். வளரத் தொடங்கிய பாக்டீரியா அத்தோடு போயிற்று. மெட்ரோ தண்ணீரில் உள்ள குளோரின் மிச்சத்தையும் முடித்துவிடும். மறுபடி முதல் நாள் கணக்கு.

மீன் மேலே வந்து வாய் பிளந்தால், செவுள் சிவந்தால், இரண்டு நாள் தீனியை நிறுத்தச் சொல்லுங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீர் முதல் நாளே பிடித்து, திறந்து வைத்து, குளோரின் போனதாக இருக்கட்டும். ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். கண்ட மருந்தை ஊற்றக் கூடாது. சில மருந்துகள் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

நாங்கள் கிடங்கில் பழைய தொட்டிகளில் பத்துப் பதினைந்து ஸ்பாஞ்சு எப்போதும் போட்டு வைத்திருக்கிறோம். நோய் இல்லாத தொட்டி என்று பார்த்துத்தான் போடுவது. புதுத் தொட்டி விற்கும்போது அதில் ஒன்றை, ஈரம் காயாமல் அந்தத் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுக்கிறோம். இதனால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறைகிறது. செலவு என்று பார்த்தால் ஒரு ஸ்பாஞ்சு.

முதல் நாள் பில் குறையும் என்று சில அன்பர்கள் தயங்குகிறார்கள். குறையத்தான் செய்யும். 2 அடித் தொட்டிக்கு நாலு மாலி, ஒரு சிட்டிகை தீனி. அதற்கு மேல் கேட்டாலும் நாங்கள் கொடுப்பதில்லை. மிச்ச மீனுக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்.