மூன்று டாலெக்குகளின் படையெடுப்பு

1972 ஜனவரியில் பிபிசி ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் கதையொன்றில், உலக அமைதி மாநாடு நடக்கும் மாளிகையை டாலெக் என்ற கவச எதிரிகளின் படை தாக்க வேண்டும். கதையின் பெயர் 'டே ஆஃப் த டாலெக்ஸ்'. எழுத்தாளர் படை என்று எழுதிவிட்டார். படப்பிடிப்புக்கு வந்து சேர்ந்ததோ மூன்றே டாலெக்குகள். காமிரா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புல்வெளியில் உருண்டு வந்தவை அதே மூன்றுதான். 2011-இல் இந்தக் கதை டிவிடியாக வெளிவந்தபோது, இந்தத் தொடரின் மேல் காதல் கொண்ட கலைஞர்கள் அந்தக் காலத்து வீடியோ காமிராவைக் கொண்டு புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். கணினியின் உதவியால் டாலெக்குகள் பெருகின, குரல்களும் மாறின. பழைய வடிவமும் அதே பெட்டியில் இருந்தது. எதைப் பார்ப்பது, எது உண்மையான கதை என்று ரசிகர்கள் வாதாடினார்கள். என் மனம் பழைய மூன்றின் பக்கம்தான். ஆனால் மற்றவர்களின் வாதத்தையும் நான் தள்ளமாட்டேன். பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர்களின் தரம் பற்றிய ஐம்பது ஆண்டுச் சண்டை முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.

அந்த ஏழ்மைக்கு ஒரு பின்னணி உண்டு. பிரிட்டனில் தொலைக்காட்சி நாடகம் மேடையிலிருந்து வந்தது. 1953-இல் ஒளிபரப்பான 'த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' ஆறு பகுதிகளும் நேரலை. நடிகர்கள் நடிக்க நடிக்க நாடு பார்த்தது. கடைசிப் பகுதியில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் வளர்ந்து நிற்கும் ராட்சத உயிரை, எழுத்தாளர் நைஜல் நீலும் பின்னாளில் அவருக்கு மனைவியான ஜூடித் கெரும் வீட்டிலேயே செய்தார்கள். கையுறைகளில் செடிகொடிகளை ஒட்டி, தேவாலயத்தின் பெரிய புகைப்படம் ஒன்றில் ஓட்டை போட்டு, அதன் வழியே கைகளை நுழைத்து நீலே அசைத்தார். மக்கள் நடுங்கிப்போனார்கள். அன்றைய சின்னத் திரையில், மங்கலான கறுப்பு வெள்ளையில், அதைக் கையுறை என்று யாரும் பார்க்கவில்லை.

1963 நவம்பர் 23-இல் 'டாக்டர் ஹூ' தொடங்கியபோதும் நிலைமை அதிகம் மாறியிருக்கவில்லை. லைம் குரோவ் என்ற பழைய ஸ்டூடியோவின் நெருக்கடியான தளத்தில் வெரிட்டி லேம்பர்ட் தயாரித்தார். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் தொல்லையும் பிடித்த வேலை. அதனால் நடிகர் வசனத்தில் தடுமாறினாலும் படப்பிடிப்பு நிற்காது. பின்னாளிலும் இரவு பத்து மணிக்கு ஸ்டூடியோ விளக்குகள் அணைந்துவிடும். மீறினால் மிகைநேரக் கூலி. அட்டைச் சுவர் ஆடியது தெரிந்தாலும் மறுபடி எடுக்க நேரம் இருக்காது.

ஆனால் காசில்லாத அதே நிறுவனத்தின் இன்னொரு மூலையில், ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில், டெலியா டெர்பிஷையர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக நாடாவில் உருவாக்கி, நறுக்கி, ஒட்டி, ரான் கிரெய்னர் எழுதிய தொடரின் தலைப்பு மெட்டுக்கு உயிர் கொடுத்தார். டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸ் கிளம்பும் ஓசைக்காக பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவி ஒன்றைப் பழைய பியானோவின் தந்திகள்மேல் இழுத்தார். அன்று ஆடிய சுவர்களை இன்று மன்னித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒலிகளுக்கு இன்றும் மன்னிப்பு தேவையில்லை. 'மலிவு' என்று மொத்தமாக ஒதுக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

அன்றைய ரசிகர்கள் வாதாடியது கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றி. ஒரு கதை ஒருமுறை ஒளிபரப்பாகும், பெரும்பாலும் அத்தோடு சரி. பிபிசி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1960களின் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றும் கிடைக்கவில்லை. மிஞ்சியவை நினைவும், ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலிநாடாக்களும், டார்கெட் பதிப்பகத்தின் மலிவுவிலை நாவல்களும்தான். நாவலில் டாலெக்குகளுக்குப் பஞ்சமில்லை. படித்த சிறுவனின் மனத்தில் நூறு டாலெக்குகள் ஓடின. ஆகவே அன்று விவாதம் செட்டைப் பற்றி அதிகம் இல்லை, கதையின் விசுவாசத்தைப் பற்றியே இருந்தது. 1976-இல் வந்த 'த டெட்லி அசாசின்' கதையில் ராபர்ட் ஹோம்ஸ், டாக்டரின் இனத்தவரான, கடவுளர் போன்ற காலப் பிரபுக்களை ஊழலில் ஊறிய கிழட்டு அரசியல்வாதிகளாகக் காட்டினார். அதே ஆண்டு உருவான ரசிகர் சங்கத்தின் தலைவரே, தொடரின் மந்திரத்தைத் தொலைத்துவிட்டீர்கள் என்று கொதித்து எழுதினார். இன்று அது தொடரின் உச்சங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கண்ணின் அளவுகோல் மாறியது 1977 கடைசியில். டிசம்பர் 27 அன்று 'ஸ்டார் வார்ஸ்' பிரிட்டிஷ் திரையரங்குகளுக்கு வந்தது. ஆறே நாள் கழித்து, 1978 ஜனவரி 2-இல், பிபிசியில் 'பிளேக்ஸ் 7' தொடங்கியது. இதைவிடக் கொடிய நேரம் ஒரு விண்வெளித் தொடருக்கு வாய்த்திருக்க முடியாது. வேற்றுக் கோள் என்றால் கல் குவாரி, ரகசியத் தளம் என்றால் ஏதோ ஒரு தொழிற்சாலை. ஆனால் டெரி நேஷன் உருவாக்கிய அந்தத் தொடரில் 'கூட்டமைப்பு' என்பது குடிமக்களை மருந்து கொடுத்து அடக்கும் சர்வாதிகாரம். எதிர்த்துப் போராடும் பிளேக்கின் கூட்டாளிகள் திருடர்கள், கொலைகாரர்கள், ஒருவரையொருவர் நம்பாதவர்கள். பால் டாரோ நடித்த ஏவனும் காரத் தாமஸின் பிளேக்கும் ஒரே அறையில் நின்று பேசினாலே போதும், பின்னால் சுவர் எதனால் ஆனது என்று யாருக்கும் தோன்றாது. 1981 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, நாயகர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழத் தொடர் முடிந்தது. கோடிகளைக் கொட்டிய அமெரிக்கத் தொடர் எதுவும் அன்று அப்படி முடியத் துணிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இருந்தும் அந்தத் தலைமுறை ரசிகர்கள் நண்பர்கள் முன்னால் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: செட்டைப் பார்க்காதே, கதையைக் கேள்.

பிறகு வீடியோ வந்தது, நினைவுக்குச் சோதனையும் வந்தது. 1967-இல் ஒளிபரப்பாகி அழிக்கப்பட்ட 'த டூம் ஆஃப் த சைபர்மென்' என்ற 'டாக்டர் ஹூ' கதை, ரசிகர்கள் தலைமுறைகளாகப் பேசும் கதையாகிவிட்டிருந்தது. ஹாங்காங்கில் பிரதி கிடைத்து 1992-இல் நாடாவாக வந்ததும் விற்பனையில் முதலிடம் பிடித்தது. பார்த்தவர்களில் பலருக்கு உள்ளூர ஒரு சுருக்கம். தூக்குவதற்குக் கட்டிய கம்பி தெரிந்தது, எறியப்பட்ட சைபர்மேன் என்ற இயந்திர மனிதன் ஆளில்லாத வெற்று உடை என்பது தெரிந்தது. இதற்கு நேர்மாறாக நடந்தது 'தி எனிமி ஆஃப் த வேர்ல்ட்' கதைக்கு. ஆறு பகுதிகளில் மூன்றாவது மட்டுமே மிஞ்சியிருந்தது. அதுவோ சமையலறையிலும் நடைபாதையிலும் கழியும் பகுதி. சப்பென்ற கதை என்று பல ஆண்டுகள் முத்திரை குத்தினார்கள். 2013-இல் நைஜீரியாவின் ஜாஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் மீதிப் பகுதிகள் கிடைத்தன. ஹெலிகாப்டர் துரத்தல், டாக்டராகவும் கொடுங்கோலன் சலமாண்டராகவும் பாட்ரிக் டிரௌட்டனின் இரட்டை வேடம் என்று அத்தனையும் திரைக்கு வந்ததும், பட்டியல்களின் அடியில் கிடந்த கதை மளமளவென்று மேலேறியது. ரசிகர்கள் இத்தனை ஆண்டுகள் தீர்ப்பு சொன்னது தாங்கள் பார்க்காத ஒன்றுக்கு.

அந்த வாதங்களில் ஒன்று ஸ்டூடியோவுக்குள்ளேயே நுழைந்தது. 1986-இல் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் பதினாறு வயது ரசிகன் ஒருவன், அந்த ஆண்டு 'டாக்டர் ஹூ' கதையின் ஒரு பகுதியை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியின் முன்னாலேயே, கதை அரைத்த மாவு, நடைபாதையில் மேலும் கீழும் ஓடுவதுதான் மிச்சம் என்ற பொருளில் பேசினான். அவன் பெயர் கிறிஸ் சிப்னால். 2018 முதல் 2022 வரை அந்தத் தொடரையே நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் காலத்துப் படப்பிடிப்பின் அழகைப் பலர் பாராட்டினார்கள், எழுத்தைப் பலர் குறை சொன்னார்கள். எண்பதுகளின் ரசிகர் வாக்கியம் இங்கே தலைகீழானது: காட்சி நன்றாயிருக்கிறது, கதைதான் இல்லை.

பணத்தால் பழையதைத் திருத்தும் முயற்சிகளும் நடந்தன. 'ரெட் டுவார்ஃப்' என்ற விண்வெளி நகைச்சுவைத் தொடரின் முதல் மூன்று பருவங்கள் 1998-இல் கணினிக் கப்பல்களோடு புதுப்பிக்கப்பட்டன. ரசிகர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, கையால் செய்த மாதிரிக் கப்பல்களே வேண்டும் என்றார்கள். டிவிடியில் முதலில் வந்தது பழைய வடிவம்தான். அந்தத் தீர்ப்பு சரி. மாதிரிக் கப்பலின்மேல் விளக்கொளி விழும், அதற்கு எடை உண்டு. அன்றைய கணினிக் கப்பலுக்கு அது இல்லை.

'கிண்டா' என்ற 'டாக்டர் ஹூ' கதையின் பாம்புக்கு நான் வேறு தீர்ப்பு சொல்வேன். 1982-இல் கிறிஸ்டோபர் பெய்லி எழுதிய அந்தக் கதை பௌத்தத்தில் தோய்ந்தது. தீய சக்தியின் பெயர் மாரா. பாத்திரங்களின் பெயர்கள் பன்னா, கருணா, அனிச்சா, அனத்தா, துக்கா. நம் வாசகர்களுக்கு இவை அந்நியப் பெயர்கள் அல்ல. மனத்தின் இருட்டில் வாழும் தீமையைப் பற்றிய அந்த நுட்பமான கதை, பெரிய ரப்பர் பாம்பு ஒன்றில் போய் முடிந்தது. பாம்பு பல ஆண்டுகள் கேலிக்குள்ளானது, கதையும் அதனோடு சேர்ந்து மிதிபட்டது. பின்னர் டிவிடியில் கணினிப் பாம்பைத் தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. இங்கே திருத்தம் கதைக்கு நியாயம் செய்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் அந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இன்றைய சண்டையில் பணம் வேறு வேடத்தில் நிற்கிறது. 2005-இல் கார்டிஃபில் 'டாக்டர் ஹூ' தொடர் புத்துயிர் பெற்றது. 2023 இறுதியிலிருந்து டிஸ்னி கூட்டுச் சேர்ந்து, திரையில் தாராளம் தெரிந்தது. 2025 அக்டோபரில் அந்தக் கூட்டு முடிந்துவிட்டதாக பிபிசி அறிவித்தது. இனி மறுபடி அட்டைச் சுவர்களா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். சிக்கனம் கதையைக் கூர்மையாக்கும் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். அவர்கள் காட்டும் சான்று 2008-இன் 'மிட்நைட்': ஒரே வண்டி, ஒரு சில பயணிகள், கண்ணுக்கே தெரியாத எதிரி. நல்ல சான்றுதான். ஆனால் இரு தரப்பாரும் ஒன்றைப் பேசாமல் விடுகிறார்கள். அன்றைய மலிவு, எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்தது. முதல் பருவத்தில் மட்டும் 42 பகுதிகள். 'கிண்டா' வந்த 1982-இல் 26 பகுதிகள், ஏழு கதைகள். அதே ஆண்டில் ரசிகர்களை உலுக்கிய 'எர்த்ஷாக்'கும் வந்தது, பருவத்தின் கடைசியில் காசு தீர்ந்த நிலையில் எடுத்த 'டைம்-ஃபிளைட்' என்ற தோல்வியும் வந்தது. ஒன்று கெட்டால் இரண்டு வாரத்தில் அடுத்த கதை. பௌத்தத்தைக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுதவிட இடம் இருந்தது. 2024, 2025 பருவங்களில் வழக்கமான பகுதிகள் எட்டெட்டுத்தான். ஒன்று சறுக்கினால் ஆண்டில் எட்டில் ஒரு பங்கு போயிற்று. அதனால்தான் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் விவாதம் தொடரின் உயிரையே பணயம் வைத்து நடக்கிறது. பெரிய கூட்டாளி போன பிறகு பிபிசி செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், காட்சிக்குக் காட்சி மினுமினுப்பு வேண்டாம், ஆண்டுக்குப் பதினாறு கதை எடுங்கள், அதில் நான்கைப் புது எழுத்தாளர்களிடம் கொடுங்கள் என்பேன்.