கதை நம்முடையது, சின்னம் யாருடையது?

கழகத்தின் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளுக்கு வரும்போதெல்லாம் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, பல்லூடகம் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால், "நான் உருவாக்கும் கதை யாருக்குச் சொந்தம்?" என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானும் காலம் கடந்துதான் கேட்டேன். நீங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேலைகள்

எழுத்து, படம், ஒலி, அசைவு ஆகியவற்றை இணைத்து ஒரு கதையைச் சொல்வது பல்லூடகக் கதைகூறல். வணிகச் சின்ன மேலாண்மை என்றதும் பலர் லோகோ வரைவது என்றே நினைக்கிறார்கள். லோகோ அதில் ஒரு சிறு பகுதி. ஒரு பெயரைக் கேட்டதும் மக்கள் மனத்தில் என்ன தோன்ற வேண்டும் என்று தீர்மானித்து, அது மாறாமல் காப்பதே அந்த வேலை. நாம் வழக்கமாகச் செல்லும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், கிளைக்குக் கிளை ரசத்தின் ருசி மாறினால் பெயர்ப் பலகை எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பாடம்

இவ்விரண்டு வேலைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'உப்பின் இப்பின்' நல்ல சான்று. 2005-இல் தொடங்கப்பட்ட லெஸ் கோப்பாக் நிறுவனம், தான் தயாரித்துவந்த 'கெங்' திரைப்படத்திற்கு முன்னோட்டம் போல, 2007 நோன்பு மாதத்தில் இதைக் குறுந்தொடராக டிவி9-இல் வெளியிட்டது. 2009 பிப்ரவரியில் திரைக்கு வந்த அந்தப் படத்தைவிட, அதற்குத் துணையாகப் பிறந்த இரட்டையர்களே நீண்டகாலம் நிலைத்தார்கள். இந்தோனேசியா வரை புகழ் பெற்றார்கள்.

காரணத்தைக் கவனியுங்கள். மொட்டைத் தலை, இப்பின் ஒரே சொல்லை மூன்று முறை அடுக்கிச் சொல்லும் பழக்கம், ஓப்பாவின் கனிவு, கம்போங் டுரியான் ருந்து என்ற ஊர் எதுவும் மாறவில்லை. நம் ராஜுவும் முத்து அங்கிளும் அந்தக் கம்பத்து மக்களாகவே வருகிறார்கள். கதை புதிது புதிதாக வருகிறது. பாத்திரங்களின் இயல்பு மாறுவதில்லை. அதுதான் சின்ன மேலாண்மை.

இன்னொரு பாடமும் உண்டு. அத்தொடரின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய நிசாம் ரசாக், பின்னர் நண்பர்களுடன் சேர்ந்து 2009-இல் அனிமொன்ஸ்தா நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் 'போபோய்போய்' பிறந்தது. இரட்டையர்கள் லெஸ் கோப்பாக்கிலேயே இருந்தார்கள். படைத்தவர் வெளியேறலாம்; பாத்திரம் உரிமையாளரிடமே தங்கும்.

நான் இழந்த பாட்டி

ஸ்கூடாயில் இறுதியாண்டு படித்தபோது, ஜொகூர் பாருவில் மசாலைத்தூள் விற்கும் ஒருவருக்காக ஒரு பாட்டியை வரைந்தேன். மூக்குத்தி, கண்டாங்கிச் சேலை, கையில் அம்மிக்குழவி. அவரை வைத்துப் பத்துக் குட்டிக் கதைகளும் எழுதினேன். 300 வெள்ளி கொடுத்தார்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து அதே பாட்டியை என் குறும்படத்தில் சேர்க்க முனைந்தபோது, கூடாது என்று கடிதம் வந்தது. அந்தப் பாட்டியின் முகம் என் சொந்த அப்பாயியின் முகம்.

கோபம் வந்தது. ஆனால் சட்டத்தைப் படித்தபின் குறை என்மேல்தான் என்று தெரிந்தது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவின்படி, வேலையில் இருக்கும்போது செய்த படைப்பின் உரிமை முதலாளிக்கும், பிறர் கேட்டு அவர்களுக்காகச் செய்த படைப்பின் உரிமை கேட்டவருக்கும் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். மாற்று ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே நிலை மாறும். அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதாமல் விட்டேன்.

பாலத்துக்கு அப்பால் வேலை செய்ய நினைப்பவர்கள் இதையும் அறிய வேண்டும். 2021 நவம்பர் 21 முதல் சிங்கப்பூரில், பிறர் கேட்டுச் செய்யும் புகைப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் போன்றவற்றின் முதல் உரிமை, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, படைப்பாளிக்கே. ஊழியராகச் செய்தால் அங்கும் முதலாளிக்குத்தான். ஒரு கிலோமீட்டர் பாலம். இரு வேறு சட்டங்கள்!

இப்போதே செய்ய வேண்டியவை

முதலாவதாக, படிக்கும்போதே ஒரு சிறு கதையையாவது முழுமையாக முடியுங்கள். பாதியில் நின்ற பத்துப் படைப்புகளைவிட முடிந்த மூன்று நிமிடப் படம் நேர்முகத் தேர்வில் பேசும்.

இரண்டாவதாக, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கதை சொல்லப் பழகுங்கள். ஒரே விளம்பரத்தை மொழிபெயர்ப்பது வேறு, மூன்று மக்களுக்கும் ஏற்ப எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ் தெரிந்தது நமக்குச் சுமையன்று, மூலதனம்.

மூன்றாவதாக, உறவினர் கடைக்குச் செய்தாலும் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: என்ன செய்கிறோம், எவ்வளவு ஊதியம், எங்கெல்லாம் பயன்படுத்தலாம், உரிமை யாருக்கு. பதிப்புரிமை பதிவு செய்யாமலேயே கிடைக்கும். என்றாலும், மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விரும்பினால் அறிவிப்புச் செய்துவைக்கலாம், சான்றாக உதவும். வணிகச் சின்னம் வேறு. அதைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு; பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

உரிமையை விற்பது தவறில்லை. விற்கிறோம் என்று தெரிந்து, அதற்குரிய விலை பேசி விற்க வேண்டும்.

நம் பாட்டிமார் சொன்ன கதைகளுக்கு ஒப்பந்தம் தேவைப்படவில்லை. அவற்றைக் கொண்டு பிழைக்கப் போகும் நமக்குத் தேவை. இப்போதெல்லாம் கடைத்தெருவில் அந்த மசாலைப் பொட்டலத்தைப் பார்த்தால் நின்று அப்பாயியைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். உங்கள் அப்பாயியை நீங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி தங்கைகளே.