தர்ப்பூசணி நச்சேற்றம், 1985

1985 தர்ப்பூசணி நச்சேற்றம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் கலந்த தர்ப்பூசணிப் பழங்களை உண்டோர் நோயுற்ற நிகழ்வு ஆகும். இதற்குக் காரணமான ஆல்டிகார்ப், கார்பமேட்டு வகைப் பூச்சிக்கொல்லி ஆகும். பருத்தி போன்ற சில பயிர்களுக்கு இதைப் பயன்படுத்த இசைவு இருந்தது, தர்ப்பூசணிக்கு இல்லை.

ஆல்டிகார்ப் தோலில் மட்டும் படிவதன்று. குறுணையாக மண்ணில் இடப்படும் இது நீரில் கரைந்து, வேர் வழியே உறிஞ்சப்பட்டுச் செடி முழுவதும் பரவுகிறது. எனவே பழத்தின் சதையிலேயே எச்சம் தங்கியது. கழுவியும் தோலை நீக்கியும் பயனில்லை. நன்கு கழுவி உண்டால் போதும் என்னும் வழக்கமான அறிவுரை மேற்பரப்பில் படியும் எச்சங்களுக்கே பொருந்தும்.

உடலில் இந்நஞ்சு அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. நரம்புச் செய்திகளைக் கடத்தும் அவ்வேதிப்பொருள் தேங்குவதால் வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த வியர்வை, தசைத் துடிப்பு, பார்வை மங்கல் ஆகியன சில மணி நேரத்திற்குள் தோன்றுகின்றன. நொதியுடனான பிணைப்பு தானாகவே விடுபடக்கூடியது என்பதால் பெரும்பாலோர் விரைவில் தேறுவர்.

அமெரிக்க விடுதலை நாளான சூலை 4 அன்று, பழம் மிகுதியாக விற்கும் வேளையில், மாநிலம் முழுவதும் தர்ப்பூசணி விற்பனை தடை செய்யப்பட்டது. விதிமீறாத உழவர்களும் இதனால் இழப்புக்கு உள்ளாயினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் ஆல்டிகார்ப் 2001 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது.